முப்பத்தொன்றாம் பட்டை

அன்று அளவுக்கூடத்தில் ஆறு பேர் இருந்தோம். நான், என் தம்பி, என் தங்கையின் மகள், கேமரா வைத்து அளப்பவர், துறைத் தலைவர், ஆன்டெனாவை வாங்கப்போகும் நிறுவனத்திலிருந்து வந்த அதிகாரி அம்மா. ஏழாவது ஆள் கிடையாது. கேன்டீன்காரர் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொல்லிக்கொள்கிறார். அளவு நடக்கும்போது அந்தக் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கும். அதில் கண்ணாடியும் இல்லை. அவர் பார்த்திருக்க முடியாது.

நடந்தது ஒன்று, பேசப்படுவது வேறு என்று ஆகிவிட்டதால் இதை எழுதுகிறேன். பேசுகிறவர்கள் வெளியாட்கள் மட்டுமாக இருந்தால் காதில் வாங்காமல் இருந்திருப்பேன். என் தங்கையே போனில் நான்கு வீட்டுக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் அன்று அங்கே இல்லை என்பதை மேலே உள்ள பட்டியலைப் பார்த்தாலே தெரியும்.

நாங்கள் மூன்று பேர் ஒரே இடத்தில் வேலை செய்கிறோம். நான் தரச்சோதனைப் பிரிவு. முப்பத்து நான்கு வருடமாக மற்றவர்கள் செய்த வேலையைச் சோதித்து, ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவது என் தொழில். என் கையெழுத்து இருந்தால் அந்தத் தாளை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. இதைக் கூச்சப்படாமல் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மை. தம்பி ஒட்டும் பிரிவு. எது எதோடு ஒட்ட வேண்டுமோ அதை அவனிடம் கொண்டுவருவார்கள். அங்கே எல்லோரும் அவனைப் ‘பசை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது, அவனுக்குப் பிடிக்கும். தங்கை மகள் வடிவமைப்புப் பொறியாளர். எங்கள் மூவரையும் ஒரே கூடத்தில் பார்த்தால், “கல்யாண வீடு மாதிரி இருக்கு, யாரைக் கேட்டாலும் சொந்தம்கிறாங்க” என்பார் கேமராக்காரர். அவருக்குப் பட்டப்பெயர் மில்லி. சாப்பாடு எப்படி என்று கேட்டால்கூட மில்லிமீட்டரில் பதில் சொல்லுகிற ஆள்.

அந்த ஆன்டெனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓர் ஆள் கையை விரித்தால் எட்டாத அகலத்தில் ஒரு கிண்ணம். கார்பன் நார்த் துணியைப் பிசினில் தோய்த்துச் செய்தது. கனம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. செயற்கைக்கோளில் ஏறி, பூமியைப் பார்த்தபடி இருக்க வேண்டியது. மேலே போனதும் ஒரு பாதி வெயிலில் காயும், மறுபாதி நிழலில் விறைக்கும். கிண்ணம் லேசாகக் கோணும். கண்ணுக்குத் தெரியாத கோணல்தான். ஆனால் அவர்கள் அனுப்பப்போகும் அலைக்கு அந்தக் கோணலே போதும், சமிக்ஞை போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் சிதறிவிடும். இதற்குப் பழைய வழி, கோணாத அளவுக்குக் கிண்ணத்தைத் தடியாகச் செய்வது. அப்படிச் செய்தால் பதினொரு கிலோ கூடும்.

தங்கை மகள் வேறு வழி கண்டாள். கிண்ணத்தின் முதுகில் நாற்பத்தெட்டுப் பீங்கான் பட்டைகளை ஒட்டுவது. ஒவ்வொன்றும் விரல் நீளம், நகத்தின் கனம். சாதாரணப் பீங்கான் இல்லை. மின்சாரம் ஒரு திசையில் கொடுத்தால் நீளும், எதிர்த்திசையில் கொடுத்தால் சுருங்கும். மயிரிழையில் ஒரு பங்குதான் என்றாலும், மெல்லிய கிண்ணத்தை வளைக்க அது போதும். கிண்ணம் கோணும்போது, எந்தப் பட்டை நீள வேண்டும், எது சுருங்க வேண்டும் என்று கணினி கணக்குப் போட்டு மின்சாரம் அனுப்பும். கிண்ணம் தானே தன் வடிவத்துக்குத் திரும்பும். இதைப் புத்தியுள்ள பொருள் என்று அவர்கள் படிப்பில் சொல்கிறார்கள்.

“பட்டைக்குப் புத்தி இருக்குன்னு பொண்ணு சொல்றா. எனக்கு இல்லைன்னு அவங்கம்மா சொல்றா. நான் போய் அதை ஒட்டணுமாம்” என்றான் தம்பி, முதல் பட்டையைக் கையில் வாங்கியபோது.

இந்த முறைக்காக அவள் ஆறு வருடம் உழைத்திருக்கிறாள். துறைத் தலைவருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. வாங்குகிற நிறுவனம் ஒரே ஒரு நாள் கொடுத்திருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள், விளக்குச் சூட்டில் கோணிய கிண்ணம் பட்டைகளால் நிமிர்ந்து, பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால் அவள் ஆன்டெனா மேலே போகும். வராவிட்டால் தடிக் கிண்ணம் போகும். அவள் முறை அலமாரிக்குப் போகும்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம்.

பட்டைக்கு மேல்பக்கம், கீழ்பக்கம் உண்டு. மேல்பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருப்பார்கள். தலைகீழாக ஒட்டிவிட்டால், நீளச் சொன்னால் சுருங்கும், சுருங்கச் சொன்னால் நீளும். ஒட்டிப் பூச்சு பூசிய பிறகு புள்ளி மறைந்துவிடும். அதனால் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அந்தப் பீங்கானை அழுத்தினால் அது துளி மின்சாரம் தரும். ரப்பர் முனையுள்ள கோலால் ஒரு தட்டுத் தட்டி, மீட்டர் முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். வலப்பக்கம் என்றால் சரி. நாற்பத்தெட்டையும் தட்டிப் பார்க்க அரை மணி நேரம் போதும். ஒட்டியவர் பார்க்கக் கூடாது, வேறொருவர் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த வேறொருவர் நான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்ப்பதில்லை. அம்மா பூட்டிய கதவை அப்பா இழுத்துப் பார்க்கமாட்டார். தங்கை எண்ணி மடித்த துணியை நான் மறுபடி எண்ணமாட்டேன். இழுத்துப் பார்த்தால், எண்ணினால், நம்பவில்லை என்று அர்த்தம். அப்படித்தான் வளர்ந்தோம்.

தம்பி நாற்பத்தெட்டையும் ஒட்டி முடித்த அன்று கோலையும் மீட்டரையும் மேஜையில் எடுத்து வைத்துக் காத்திருந்தான். பக்கத்து மேஜைகளில் நான்கைந்து பேர் வேலையில் இருந்தார்கள். நான் தாளை மட்டும் எடுத்தேன்.

“பாக்கலையா அண்ணே?”

“நீ ஒட்டினதை நான் தட்டிப் பாக்கணுமா?”

“பாருங்க. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்.”

“நீ நினைக்கமாட்டே. பக்கத்து மேஜைக்காரன் நினைப்பான்.”

கையெழுத்துப் போட்டேன். வேறு யார் ஒட்டியிருந்தாலும் நாற்பத்தெட்டையும் தட்டியிருப்பேன். ஒன்றில் சந்தேகம் வந்தால் மூன்று முறை தட்டியிருப்பேன்.

இதோடு நிற்கவில்லை. தங்கை மகள் முதலில் போட்ட திட்டப்படி, ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியாக மின்சாரம் கொடுத்து, கிண்ணம் எங்கே எவ்வளவு அசைகிறது என்று அளந்து கணினியில் ஏற்ற வேண்டும். இரண்டு நாள் வேலை. நாள் நெருக்கியதால் அதை விட்டுவிட்டு, கணக்கில் வந்த எண்களையே ஏற்றிவிட்டாள். தாளில் என் கையெழுத்து இருந்ததுதான் அவளுக்குத் தைரியம். மில்லி என்னிடம் வந்து, “சார், ரெண்டு நாள் வேலையை உங்க ஒரு கையெழுத்துல முடிச்சுட்டா உங்க வீட்டுப் பொண்ணு” என்றார். எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

சோதனை நாள் காலை பத்து மணிக்குக் கதவைப் பூட்டினோம். ஜன்னல் இல்லாத வெள்ளைக் கூடம். கிண்ணம் ஒரு சட்டத்தில் நிமிர்ந்து நின்றது. அதன் முகமெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். நான்கு கேமராக்கள் அந்தப் புள்ளிகளைப் பார்த்தபடி நிற்கும். புள்ளி அசைந்தால் கிண்ணம் அசைந்தது என்று கணக்கு. படம் எடுக்கும்போது ஏசியை நிறுத்திவிடுவார்கள், காற்றுக்கூடக் கிண்ணத்தை ஆட்டும். யாரும் நடக்கக் கூடாது. இருமல் வந்தால் விழுங்க வேண்டும்.

“மூச்சு விடலாமா?” என்று தம்பி கேட்டான்.

“அரை மில்லி விடுங்க” என்றார் மில்லி.

அதிகாரி அம்மா சிரித்தார். கனிவான முகம், ஆனால் மடியில் விரித்து வைத்த கோப்பை ஒரு நிமிஷமும் மூடி வைக்கவில்லை. அவருக்கு நாற்காலி போட்டிருந்தது. எனக்கும் ஒன்று போட்டார்கள். மற்றவர்கள் நின்றார்கள்.

குளிரில் முதல் அளவு. கோணல் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்து. நல்ல கிண்ணம். பிறகு இடப்பக்கம் மட்டும் விளக்குகளைப் போட்டார்கள். நாற்பது நிமிடம் கழித்து மில்லி படித்தார், “பூஜ்யம் புள்ளி மூணு எட்டு.” கோணிவிட்டது, எதிர்பார்த்தபடிதான்.

தங்கை மகள் கணினிக்கு உத்தரவு கொடுத்தாள். மின்சாரம் படிப்படியாக ஏறியது. ஒவ்வொரு படிக்கும் ஓர் அளவு.

“மூணு எட்டு… ரெண்டு ஒன்பது… ரெண்டு நாலு.”

தம்பி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டு ஏழு” என்றார் மில்லி. கொஞ்சம் நிறுத்தி, “மூணு ஒண்ணு.”

திரையில் கிண்ணத்தின் படம் வண்ணத்தில் தெரியும். சரியான இடம் பச்சை. கோணிய இடம் சிவப்பு. கிண்ணம் முழுவதும் பச்சையாகிக்கொண்டு வந்தது, ஓரத்தில் ஓர் இடத்தைத் தவிர. அங்கே மட்டும் கன்னத்தில் அறை விழுந்ததுபோல் சிவந்திருந்தது. ஒவ்வொரு படிக்கும் அந்தச் சிவப்பு பெரிதானது. அதைச் சரிசெய்யக் கணினி மேலும் அழுத்தியது, மேலும் சிவந்தது. அவள் மின்சாரத்தை நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி அதே இடம் சிவந்தது.

மணி இரண்டு.

துறைத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு, “நான் முதல்லேயே சொன்னேன்” என்றார். “நாப்பத்தெட்டு பட்டையும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும்னு. இது முறையிலேயே இருக்கிற கோளாறும்மா. உன் தப்பு இல்ல.”

“முறை சரியா இருக்கு சார். கணக்குல எங்கேயோ தப்பு பண்ணியிருக்கேன். ஒரு மணி நேரம் குடுங்க.”

“குடுக்கலாம். மேடம் அஞ்சு மணிக்குக் கிளம்பணும்.”

அதிகாரி அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் தெரியும் என்பது அவர் கேட்ட கேள்வியில் தெரிந்தது.

“பட்டைகளோட திசை சரிபார்த்தாச்சா?”

தங்கை மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பாத்தாச்சு மேடம். கையெழுத்து இருக்கு. எங்க பெரிய மாமா கையெழுத்து.”

அதிகாரி அம்மா என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

நானும் தலையசைத்தேன்.

இதைப் பற்றி யாரும் பேசவில்லை, ஏனென்றால் யாரும் கவனிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது ஒரு தப்பு. அந்தத் தலையசைப்பு இன்னொன்று. முதலாவது தம்பிமேல் இருந்த நம்பிக்கை என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அப்படி எதுவும் சொல்ல முடியாது.

சுவரில் கடிகாரம் எனக்கு எதிரே இருந்தது. பதினொரு நிமிடம் நான் சும்மா இருந்தேன். அவள் கணக்கைத் தாளில் வரிவரியாகப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், சின்ன வயதில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பெருக்கல் கணக்குப் போட்டபோதும் அப்படித்தான். அந்தச் சிவப்பு இடத்தின் பின்னால் எந்தப் பட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு முறையும் ஒரே இடம், அழுத்த அழுத்த எதிர்ப்பக்கம் போகிறது என்றால் அதற்கு என்ன காரணம் என்று முப்பத்து நான்கு வருடம் சோதனை செய்தவனுக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தது. தம்பிக்கும் தெரிந்துவிட்டது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

என் மனத்தில் ஓடியதைச் சொல்லிவிடுகிறேன். நான் வாயைத் திறந்தால், தப்பாக ஒட்டியவன் என் தம்பி, பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான், அதை நம்பி அளக்காமல் விட்டவள் எங்கள் வீட்டுப் பெண். மூன்று பேர் பெயரும் ஒரே நாளில் போகும். திறக்காவிட்டால் அவள் ஒருத்தியின் கணக்கு தப்பு என்று ஆகும். ஒருத்தியோடு போகும். குடும்ப மானத்தை நான் அந்தப் பதினொரு நிமிடம் இப்படித்தான் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

துறைத் தலைவர் ஒரு படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். “நேரத்தை வீணாக்க வேண்டாம்மா. எழுதிடு. ‘பட்டை முறையால் வடிவம் கட்டுப்படவில்லை.’ கீழே உன் கையெழுத்து. அடுத்த வருஷம் வேற ஏதாவது பாக்கலாம்.”

அவள் கொஞ்ச நேரம் அந்தப் படிவத்தைப் பார்த்தாள். பிறகு பேனா மூடியைக் கழற்றினாள்.

நான் எழுந்தேன்.

“அதை எழுதாதே. திசை சரிபார்த்த கையெழுத்து பாக்காம போட்டது.”

துறைத் தலைவருக்குப் புரியவில்லை. “எது சார்?”

“என்னோடது. நாப்பத்தெட்டுல ஒண்ணைக்கூட நான் தட்டிப் பாக்கலை. பாத்தேன்னு எழுதியிருக்கேன்.”

மில்லி கேமராவின் லென்ஸை எதற்கோ துடைக்க ஆரம்பித்தார். தம்பி முன்னால் வந்தான்.

“அண்ணே, ஒட்டினது நான்தானே.”

“ஒட்டினது நீ. பாத்தேன்னு எழுதினது நான். நீ பேசாம இரு.”

தங்கை மகள் அழுதாள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. பேனாவை மூடினாள். “மீட்டர் எங்கே இருக்கு சின்ன மாமா?” என்று கேட்டாள். அவ்வளவுதான்.

மின்சாரத்தை நிறுத்தி, பட்டைகளில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியப் பத்து நிமிடம் காத்திருந்தார்கள். இல்லாவிட்டால் தட்டுகிறவருக்கு ஷாக் அடிக்கும். பிறகு யார் தட்டுவது என்ற கேள்வி வந்தது. ரப்பர் கோல் ஒட்டும் பிரிவில் இருந்தது. போய்வர நேரமில்லை. மில்லியின் சட்டைப் பையில் பின்னால் ரப்பர் வைத்த பென்சில் இருந்தது.

“சின்ன மாமா தட்டட்டும். அவங்களுக்குத்தான் பட்டை எங்கே எங்கே இருக்குன்னு தெரியும்” என்றாள். “மீட்டரை மேடம் பாக்கட்டும்.”

என்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் கூடாது.

தம்பி கிண்ணத்தின் முதுகுப்பக்கம் போய் ஒன்றாம் பட்டையைத் தட்டினான். அதிகாரி அம்மா, “வலது” என்றார். இரண்டு, வலது. மூன்று, வலது. கூடத்தில் பென்சிலின் சின்னச் சத்தமும் அவர் குரலும் மட்டும் கேட்டன. இருபத்தெட்டு, வலது. இருபத்தொன்பது, முப்பது, வலது.

முப்பத்தொன்று.

“இடது.”

“இன்னொரு தடவை தட்டு” என்றேன்.

தட்டினான்.

“இடதுதான்” என்றார் அதிகாரி அம்மா.

தம்பி பென்சிலைப் பிடித்தபடி அப்படியே நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான். “முப்பத்தொண்ணாவது முதல்ல வெச்சது விரிசல் விட்டுடுச்சு. அதை எடுத்துட்டு உதிரிப் பெட்டியிலேர்ந்து ஒண்ணு எடுத்தேன். எங்க மேஜைத் தட்டுல எல்லாம் புள்ளி மேல பாத்து இருக்கும். உதிரிப் பெட்டியில புள்ளி தேயக் கூடாதுன்னு கவுத்து வெச்சிருப்பாங்க. நான் எடுத்தபடியே வெச்சிட்டேன்.”

“மத்ததையும் தட்டுங்க மாமா” என்றாள் தங்கை மகள். நாற்பத்தெட்டு வரை தட்டினான். மற்றதெல்லாம் வலது.

ஒட்டிய பட்டையை எடுக்க முடியாது, உடைந்துவிடும். எடுக்கவும் தேவையில்லை. தலைகீழாக இருக்கும் பட்டைக்குத் தலைகீழாக மின்சாரம் கொடுத்தால் போதும். முப்பத்தொன்றின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். அதிகாரி அம்மா சம்மதித்துத் தன் கோப்பில் எழுதிக்கொண்டார். தங்கை மகள் மாற்றினாள். சரிபார்க்க மில்லியைக் கூப்பிட்டாள். மில்லி பார்த்த பிறகு அதிகாரி அம்மாவையும் பார்க்கச் சொன்னாள். நான் என் நாற்காலியில் இருந்தேன்.

கிண்ணம் முழுக்கக் குளிர்ந்து, மறுபடி விளக்கு போட்டு, நாற்பது நிமிடம். தம்பி என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். அவன் வேலை நேரத்தில் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“அம்மா பூட்டின கதவை அப்பா இழுத்துப் பாக்கமாட்டார்னு சொல்வீங்களே.”

“ஆமா.”

“அப்பா தூங்கினதும் அம்மாவே எழுந்து போய் ரெண்டு தடவை இழுத்துப் பாப்பாங்க.”

“யார் சொன்னது?”

“நான் பாத்திருக்கேன். அக்காவும் பாத்திருக்கா.”

“எனக்குத் தெரியாது.”

“நீங்க சீக்கிரம் தூங்கிடுவீங்க” என்றான்.



நாலு மணி பத்து நிமிடத்துக்கு மில்லி ஏசியை நிறுத்தினார். “மூணு எட்டு” என்றார். மின்சாரம் ஏறத் தொடங்கியது. “ரெண்டு ஏழு. ஒண்ணு எட்டு.” திரையில் பச்சை நிறம் ஓரம் வரை போனது. “ஒண்ணு மூணு. ஒண்ணு ஒண்ணு.” வரம்புக்கு மேலே இன்னும் ஒரு துளி. தங்கை மகள் அடுத்த படியைக் கொடுத்துவிட்டுக் கையை மேஜையில் வைத்துக்கொண்டாள். மில்லி எண்ணைப் பார்த்தார். ஒருமுறை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார்.

“பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு.”

யாரும் கைதட்டவில்லை. அளவு நடந்துகொண்டிருந்தது, அசையக் கூடாது. மில்லி கடைசிப் படத்தை எடுத்து முடித்து, “இப்ப முழு மூச்சு விடலாம்” என்று சொன்ன பிறகுதான் துறைத் தலைவர் போய் அவள் தோளில் தட்டினார். “நான் அப்பவே நினைச்சேன், ஏதோ ஒரு பட்டைதான்னு” என்றார். அதிகாரி அம்மா அவரைப் பார்த்துவிட்டு, நாலு நாற்பதுக்கு ஏற்புத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

அவர் போன பிறகு துறைத் தலைவர் என்னைத் தனியாக அழைத்தார்.

“சார், எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. உங்களுக்கு ஓய்வுக்கு ஏழு மாசம் இருக்கு. அந்தத் திசைத் தாளைப் புதுசா எழுதிடலாம். இப்ப எல்லாத்தையும் தட்டிப் பாத்தாச்சே, பொய்யும் இல்ல. பழசைக் கிழிச்சுப் போட்டுடறேன்.”

நல்ல மனசோடுதான் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் காகிதத்தைக் கிழிக்கிற பழக்கம் கிடையாது. பழைய தாளிலேயே என் கையெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்து, ‘சோதிக்காமல் இடப்பட்டது’ என்று எழுதி, தேதி போட்டு, கீழே முழுப் பெயரையும் எழுதினேன். மேலிடத்துக்குக் கடிதமும் நானே கொடுத்தேன். ஆறு மாதத்துக்கு நான் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. முறையான உத்தரவு. அந்த மேலிடத்தில் இருந்திருந்தால் நானும் அதையே போட்டிருப்பேன்.

இரண்டாவது ஆன்டெனாவுக்கு வேலை ஆரம்பித்துவிட்டது. இந்த முறை பட்டை ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்துதான் கணினியில் ஏற்றப்போகிறாள். யார் கையெழுத்து இருந்தாலும் அந்த இரண்டு நாளை விடமாட்டாளாம். ஒரு மத்தியானம் என்னிடம் வந்து சொன்னாள்.

“பெரிய மாமா, உங்க கையெழுத்தே இருந்தாலும் அளப்பேன். கோவிச்சுக்காதீங்க.”

“கோவம் இல்லை.”

“முகம் அப்படி இல்லையே.”

“என் முகமே அப்படித்தான். உங்கம்மாவைக் கேளு.”

சிரித்துக்கொண்டே போனாள். கோபம் இல்லைதான். கொஞ்சம் சுருக்கென்றது, அது வேறு.

தங்கையிடமும் பேசிவிட்டேன். “பென்சிலால தட்டினதும் டிஷ் தானா நிமிர்ந்துடுச்சாமே அண்ணே?” என்றாள். தட்டியது சோதிக்க, நிமிர்ந்தது ஒயரை மாற்றியதால் என்று சொன்னேன். “ரெண்டும் ஒண்ணுதானே” என்றாள். இல்லை என்று மறுபடி சொன்னேன். அந்த நான்கு வீட்டுக்கும் அவளே போன் போட்டுத் திருத்திச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். கதவு விஷயத்தையும் கேட்டேன். அம்மா இழுத்துப் பார்த்தது உண்மைதானாம். சில நாள் மூன்று தடவையாம்.

கடைசியாக, கேன்டீனில் சொல்லிக்கொண்டிருப்பது. என் தம்பியை ஒட்டும் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். எடுக்கவில்லை. இரண்டாவது ஆன்டெனாவுக்கும் அவன்தான் ஒட்டுகிறான். இன்று காலை வரை இருபத்திரண்டு பட்டைகள் ஆகியிருக்கின்றன. நிறுத்திவைத்திருப்பது என் கையெழுத்தை.